மேலே போக ஒரு கோச் வேண்டுமா? குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் (வேலையில் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொள்ள ஒருவரோடு தனியாகப் பேசி உதவும் பயிற்சி) பற்றியும் வேலையில் அடுத்த படிக்குப் போவது பற்றியும் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரையும் வேலையையும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

இரணியலில் ரயில் ஏறி தினமும் கழக்கூட்டம் போய் வருகிறேன். டெக்னோபார்க்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். இரண்டு வருடமாக மேனேஜர் பதவி கைக்கு வந்து நழுவுகிறது. ‘டெக்னிக்கலா நீங்க ஸ்ட்ராங், எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ்தான் (தலைவருக்குரிய தோரணை) போதாது’ என்கிறார்கள். இப்போது கம்பெனி செலவில் ஒரு கோச் ஏற்பாடு செய்கிறார்களாம். வெளியே அனுப்புவதற்கு முன் செய்யும் சடங்கா இது? கோச் என்னதான் செய்வார்?
(ஐ.டி. ஊழியர், இரணியல்)

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘இந்தக் கோச்சிங் பி.ஐ.பி.யோடு சேர்ந்ததா, தனியா?’ என்று எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள். பி.ஐ.பி. என்பது வேலைத்திறன் போதாது என்று எழுத்தில் கொடுத்து, கெடு வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாடு. அது இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிறுவனங்கள் பெரும்பாலும் மேலே கொண்டுபோக நினைக்கிறவருக்குத்தான் இந்தச் செலவைச் செய்கின்றன. பி.ஐ.பி.யின் பகுதியாக வந்தால் அங்கே மனம் திறந்து பேச முடியாது. அந்த நிலையில் கோச்சிங்கைவிட மேலதிகாரியோடு தெளிவான இலக்குகளை எழுதி வாங்குவதே முக்கியம்.

வழக்கமான ஏற்பாடு ஆறு மாதம் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 60 முதல் 90 நிமிடம் என்று 10, 12 செஷன் வரும். அதற்கு முன் அரைமணி நேர அறிமுகச் சந்திப்பு ஒன்று இருக்கும். கோச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இரண்டு மூன்று பேரைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கவும் கேட்கலாம். கோச்சுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது மூவர் கூட்டம். நீங்கள், உங்கள் மேலதிகாரி, கோச். இங்கே இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். ஒன்று, கம்பெனிக்கு என்ன தகவல் போகும் என்பது. எத்தனை செஷன் நடந்தது, ஒப்புக்கொண்ட இலக்கு என்ன, இவ்வளவுதான் போக வேண்டும். உள்ளே பேசியது போகக் கூடாது. இதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, இலக்கு.

பாதிப் பேர் தடுக்கி விழுவது இலக்கில்தான். ‘எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ்’ என்பதை இலக்காக எழுதினால் ஆறு மாதம் கழித்தும் அது வந்ததா வரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மேலதிகாரியிடம் இப்படிக் கேளுங்கள்: ‘கடந்த மூன்று மாதத்தில் எந்த மீட்டிங்கில், நான் என்ன செய்தபோது உங்களுக்கு அப்படித் தோன்றியது?’ பதில் வரும்வரை விடாதீர்கள். பெரும்பாலும் வரும் பதில்கள் இவை: விவரத்தை முதலில் சொல்லி முடிவைக் கடைசியில் சொல்கிறார், கிளையன்ட் கேள்வி கேட்டால் தன் மேனேஜரைத் திரும்பிப் பார்க்கிறார், முடியாத தேதிக்கும் தலையாட்டிவிட்டு டீமைக் கூட்டி வந்து இரவெல்லாம் உட்கார்கிறார்.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கிளையன்ட்டுக்குச் சொல்லும் போன் கூட்டம் ஒன்றை, அதாவது ஸ்டேட்டஸ் ‘கால்’ ஒன்றை, எடுத்துக்கொள்வோம். ‘டெஸ்டிங் போய்க்கிட்டிருக்கு, பேமென்ட் மாட்யூல்ல கொஞ்சம் பிரச்சினை வந்தது, பசங்க பார்த்துக்கிட்டிருக்காங்க, முடிஞ்சவரை முயற்சி பண்றோம்’ என்று சொல்வது ஒரு விதம். ‘வியாழன் ரிலீஸ் வெள்ளிக்குத் தள்ளிப்போகும். பேமென்ட்டில் இரண்டு பிழை பாக்கி. வியாழனே வேண்டுமானால் ரிப்போர்ட் பகுதியை அடுத்த ரிலீஸுக்கு விட வேண்டும். எது வேண்டும் என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள்’ என்பது இன்னொரு விதம். வேலையும் அறிவும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது ஆளிடம்தான் ஒரு பிரிவை நம்பி ஒப்படைப்பார்கள். ஆகவே உங்கள் இலக்கை இப்படி எழுதலாம்: ‘வாராந்திர கிளையன்ட் காலில் முடிவு, காரணம், தேவைப்படும் தீர்மானம் என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் நானே சொல்வேன்.’ இதை மற்றவர் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம். இப்படிப்பட்ட இலக்கு ஒன்று போதும். மிஞ்சிப் போனால் இரண்டு. ஐந்து வைத்தால் ஒன்றும் நடக்காது.

பிறகு கோச் உங்களைச் சுற்றியுள்ளவர்களிடம் கருத்துக் கேட்பார். 360 டிகிரி ஃபீட்பேக் என்பது இதுதான். எட்டு முதல் 12 பேர் வரை இருக்கலாம். மேலதிகாரி, சக டீம் லீட்கள், உங்களுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் வர வேண்டும். மேலதிகாரி தவிர ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் யார் எதைச் சொன்னார் என்று தெரியாமல் இருக்கும். ஆன்லைன் படிவத்தைவிட, கோச் ஒவ்வொருவரிடமும் 20, 30 நிமிடம் பேசித் தொகுத்துத் தருவது நல்லது. ‘இவர் தொடர வேண்டியது எது, நிறுத்த வேண்டியது எது, நாளை இவரை மேனேஜராகப் போட்டால் உங்களுக்கு எதில் தயக்கம்?’ என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவதுக்கு வரும் பதிலில்தான் உங்கள் புரமோஷன் எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியும்.

அந்த அறிக்கை கைக்கு வரும் நாள் கொஞ்சம் கனமான நாள்தான். தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்; கோச்சோடு சேர்ந்து படியுங்கள். க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் ஃபீட்பேக் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்டார்கள். சராசரியாக ஃபீட்பேக் வேலைத்திறனைக் கூட்டுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் குறைத்திருக்கிறது. ‘வேலையில் எதை மாற்றலாம்’ என்பதிலிருந்து ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குக் கவனம் திரும்பும்போது அந்தக் கெடுதல் வருகிறது என்பது அவர்களின் விளக்கம். யார் எழுதியிருப்பார் என்று துப்புத் துலக்கப் போனால் அந்த மூன்றில் ஒரு பங்கில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

செஷனில் என்ன நடக்கும்? நல்ல கோச் குறைவாகப் பேசுவார். போன தடவை ஒப்புக்கொண்டதைச் செய்தீர்களா, என்ன ஆனது, எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்பார். ‘நான் மறுத்துப் பேசினால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களோ’ என்ற எண்ணம் உள்ளே இருந்தால் அது வெளியே வரும். வந்தபின் அதை அடுத்த காலில் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு செஷன் முடிவிலும் ‘எப்போது, எங்கே, என்ன’ என்று ஒரு வரி எழுத வேண்டும்: ‘செவ்வாய் காலில் கிளையன்ட் தேதி கேட்டால், உடனே ஒப்புக்கொள்ளாமல், மாலைக்குள் சொல்கிறேன் என்பேன்.’ ‘இப்படி வந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டி எழுதிவைத்த திட்டம் வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாதம் ஒரு முறை, நீங்கள் நம்பும் நான்கு பேரிடம் இரண்டே நிமிடம் கேளுங்கள்: ‘கிளையன்ட் கால்களில் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். இந்த மாதம் எப்படி? அடுத்த மாதத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்.’ நீங்கள் மாறியிருந்தாலும் மற்றவர்கள் மனதில் பழைய ஆளாகவே இருப்பீர்கள். இப்படிக் கேட்பதால்தான் அவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் ‘நான் மாறியும் யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்ற ஏமாற்றம் வருகிறது.

இன்னொன்று. திரும்பி வரும் ரயிலில் செஷன் வைத்துக்கொள்ளாதீர்கள். சிக்னல் அறுந்து அறுந்து வரும். பக்கத்து சீட்டில் உங்கள் ஆபீஸ்காரரே இருக்கலாம். அன்று நடந்ததைக் குறித்துவைக்க அந்தப் பயணம் அருமையான நேரம்.

தனியார் மருத்துவமனையில் 11 வருடம் ஸ்டாஃப் நர்ஸ். மூன்று மாதமாக நர்சிங் சூப்பர்வைசர். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்களை இன்று வேலை வாங்க வேண்டியிருக்கிறது. கடைசியில் எல்லா வேலையையும் நானே செய்து, டியூட்டி முடிந்தும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போகிறேன். கோச்சுக்குக் கொடுக்கப் பணமில்லை. நானே செய்துகொள்ள வழி உண்டா?
(சூப்பர்வைசர், மார்த்தாண்டம்)

உண்டு. உங்கள் நிலைமை, புதிதாகப் பொறுப்புக்கு வந்த நல்ல வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வருவதுதான். எந்த வேலையை நன்றாகச் செய்து பதவி கிடைத்ததோ, அந்த வேலையையே பிடித்துத் தொங்கத் தோன்றும்.

ஒரு வாரம் சிறு நோட்டில் அரைமணிக்கு ஒரு வரி எழுதுங்கள். வார முடிவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: ‘நான்தான் செய்ய வேண்டும்’, ‘சொல்லிக்கொடுத்தால் வேறொருவர் செய்வார்’, ‘யாருமே செய்யத் தேவையில்லை’. முதல் வகையில் உண்மையில் வருவது கொஞ்சம்தான்: டியூட்டி லிஸ்ட், புகார் விசாரணை, டாக்டர்களோடும் நிர்வாகத்தோடும் பேசுவது, உங்கள் மருத்துவமனை விதிப்படி உங்கள் கையெழுத்து தேவைப்படும் பதிவேடுகள்.

இரண்டாவது வகையிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். கிராஷ் கார்ட் (அவசர சிகிச்சைக்கான மருந்தும் கருவிகளும் உள்ள தள்ளுவண்டி) சரிபார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘இனி நீ பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால் அது ஒப்படைப்பு ஆகாது. முதல் நாள் அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள்: டீஃபிப்ரிலேட்டர் சார்ஜ் ஆகிறதா, லாரிஞ்சோஸ்கோப் விளக்கு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, மருந்துகளின் காலாவதித் தேதி, சீல் நம்பர். இரண்டாம் நாள் நீங்கள் பார்க்க அவர் செய்யட்டும். மூன்றாம் நாளிலிருந்து அவர் தனியாகச் செய்து, காலை எட்டரைக்கு ‘சரி’ அல்லது ‘இது குறைகிறது’ என்று உங்களிடம் சொல்ல வேண்டும். எதை அவரே சரிசெய்யலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேட்டரி மாற்றுவது அவர் முடிவு; சீல் உடைந்திருந்தால் உடனே உங்களுக்குத் தகவல். அதிகாரத்தின் அளவைச் சொல்லாததால்தான் பாதி ஒப்படைப்புகள் குழம்புகின்றன. ஒருவர் எல்லாவற்றுக்கும் வந்து கேட்பார், இன்னொருவர் எதற்குமே கேட்க மாட்டார்.

அடுத்த கண்டம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். அவர் பாதி செய்து வைத்திருப்பார். ‘சரி, விடு’ என்று மீதியை நீங்கள் முடித்துவிடுவீர்கள். அந்த ஒரு நாளில் பாதி செய்தால் போதும் என்று அவர் கற்றுக்கொள்வார். நோயாளிக்கு ஆபத்து இல்லாத வேலையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். எது விடுபட்டது என்று காட்டினால் போதும். நோயாளிக்கு ஆபத்து என்றால் அப்போதே நீங்கள் செய்துவிட்டு, டியூட்டி முடிவதற்குள் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பழைய தோழிகள் விஷயம். ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ‘நம்ம பழக்கம் மாறாது. டியூட்டி லிஸ்ட்லயும் லீவ்லயும் உனக்குத் தனிச் சலுகை தர முடியாது. நான் எங்கே தப்புப் பண்றேன்னு தோணினா என்கிட்டயே சொல்லு’ என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் டிசம்பரில் வெடிக்கும். கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரிசையாக லீவ் கேட்கிற மாதம் அது. நவம்பர் முதல் வாரத்திலேயே விதியை எழுதி ஒட்டுங்கள்: போன வருடம் கிறிஸ்துமஸ் இரவு டியூட்டி பார்த்தவருக்கு இந்த வருடம் அது கிடையாது, இருவர் மாற்றிக்கொள்வதானால் மூன்று நாள் முன்பே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி முன்பே இருந்தால் சண்டை உங்கள் மேல் வராது.

கோச்சுக்குப் பதிலாக, வேறு மருத்துவமனையில் இதே பொறுப்பில் உள்ள ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனில் 40 நிமிடம். முதல் 20 அவருடையது, அடுத்த 20 உங்களுடையது. கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். நோயாளி பெயரும் சக ஊழியர் பெயரும் வரக் கூடாது. இந்த ஒழுங்கைப் பிடித்தால், நடுத்தரமான கோச்சுக்குப் பணம் கொடுப்பதைவிட இதில் பயன் கூடும் என்று தைரியமாகச் சொல்வோம்.

தனியார் வங்கியில் துணை மேலாளர். ‘விரல்ரேகை ஸ்கேன் மூலம் உங்கள் தலைமைப் பண்பை அறிந்து 90 நாளில் புரமோஷன், 100 சதவீதம் உத்தரவாதம்’ என்று ஒருவர் பேக்கேஜ் விற்கிறார். கிளையில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். நானும் சேரலாமா?
(வங்கி ஊழியர், குலசேகரம்)

சேர வேண்டாம். விரல்ரேகைக்கும் தலைமைப் பண்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. புரமோஷன் உத்தரவாதம் என்பதும் நடக்காத காரியம். காலியிடம், போட்டியாளர், தலைமை அலுவலகத்தின் முடிவு, இவற்றில் எதுவும் கோச்சின் கையில் இல்லை. நேர்மையான கோச் உங்கள் நடத்தையில் என்ன மாறலாம் என்பதைப் பற்றித்தான் பேசுவார்.

இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் தகுதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். உலக அளவில் அதிகம் ஏற்கப்படுவது 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழ். அதில் மூன்று படி உண்டு. ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125 மணி, 500 மணி. எம்.சி.சி.க்கு 200 மணி, 2,500 மணி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒருவர் சொல்வது உண்மையா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ‘இன்டர்நேஷனல் சர்டிஃபைட்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த அமைப்பு, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய தாளாகவும் இருக்கலாம்.

சான்றிதழ் மட்டும் போதாது. என் நிலையில் உள்ள எத்தனை பேரோடு வேலை செய்திருக்கிறீர்கள்? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? தமிழில் பேசலாமா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா? இவற்றைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் கூடும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்; மூன்று செஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது செஷன் முடிந்தும் ஆபீஸில் நீங்கள் ஒன்றையும் வேறு மாதிரிச் செய்யவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆளுமைத் தேர்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளை நான்கு எழுத்துள்ள வகைகளில் ஒன்றாகக் குறிக்கும் எம்.பி.டி.ஐ. போன்றவை உங்களைப் பற்றிப் பேச ஒரு தொடக்கமாக உதவலாம். அவ்வளவுதான். ஆளைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நான்கு எழுத்தைக் காட்டி ‘நீங்கள் தலைவர் வகை இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சவூதியில் சைட் இன்ஜினீயர். வேலை தெரியும், மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பேசிப் பேசியே புராஜெக்ட் மேனேஜர் ஆகிவிட்டார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் போவதா, கோச்சிடம் போவதா?
(விடுமுறையில் வந்திருப்பவர், குளச்சல்)

ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் மீட்டிங்கில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட விஷயத்தை, சக இன்ஜினீயர் ஒருவரிடம் தனியாக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அங்கே சொல்ல முடிந்தால் உங்களுக்கு மொழி போதும். கூட்டத்தில் பேசும் பழக்கம்தான் இல்லை, கோச் உதவுவார். அங்கேயும் தடுமாறினால் முதலில் மொழி வகுப்பு. இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பழக்கம்தான் பிரச்சினை என்றால் இப்போதே தொடங்கலாம். மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே வாங்குங்கள். அதில் உங்கள் வேலையைத் தொடும் ஒரே ஒரு வரியை எடுத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள்: முடிவு, காரணம், கேட்கும் உதவி. ‘நாளைய ஸ்லாப் கான்கிரீட்டை ஒரு நாள் தள்ள வேண்டும். கம்பி கட்டும் வேலை இரண்டு பகுதியில் முடியவில்லை. இன்று இரவு ஷிஃப்டுக்கு ஆறு பேர் கொடுத்தால் நாளை மறுநாள் காலை ஊற்றலாம்.’ இதை ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டு நான்கு தடவை சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் படித்தால் போதாது, வாய்க்குப் பழக வேண்டும்.

மீட்டிங் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள், ஒரு கேள்வியாக இருந்தாலும் சரி. நேரம் போகப் போக வாய் திறப்பது கடினமாகும். அரைமணி கழித்துப் பேசினால் அது பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்று மனம் பயமுறுத்தும். நடுவில் யாராவது வெட்டினால் ‘ஒன் மினிட், லெட் மீ ஃபினிஷ்’ என்று அமைதியாகச் சொல்லி அதே வாக்கியத்திலிருந்து தொடருங்கள். மீட்டிங் முடிந்ததும் நீங்கள் சொன்ன முடிவை நான்கு வரி மெயிலாக அனுப்புங்கள். மேனேஜர் கண்ணில் அது உங்கள் பெயரோடு நிற்கும்.

வாரத்துக்கு ஒரு மீட்டிங், எட்டு வாரம். முதல் மூன்று வாரம் குரல் நடுங்கத்தான் செய்யும். அதற்குள் ‘எனக்கு இது வராது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊரிலிருக்கும் கோச்சோடு ஆன்லைனில் தொடர நினைத்தால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். உங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறையானால் சனிக்கிழமை அங்கே காலை ஒன்பது, இங்கே பதினொன்றரை. இருவருக்கும் பொருந்தும் நேரம் அது. கேம்ப் அறையில் நான்கு பேர் நடுவில் பேச முடியாது. தனியிடம் ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள்.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குக் கோச்சிங் உதவுமா?
(ஆசிரியை, தோவாளை)

பதவி உயர்வு கிடைப்பதற்கு உதவாது. அங்கே பணிமூப்பும் விதிகளும்தான் பேசும். பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவுகள் இருந்தால் அவற்றைச் சரிசெய்வதிலும், துறைத்தேர்வு பாக்கி இருந்தால் அதை முடிப்பதிலும் நேரத்தைப் போடுங்கள். பதவி வந்த பிறகு முதல் ஆறு மாதம், நேற்றுவரை சக ஆசிரியர்களாக இருந்தவர்களை வழிநடத்தும் கட்டத்தில், அது மிகவும் உதவும். மார்த்தாண்டம் வாசகிக்குச் சொன்ன பதிலை அப்போது ஒரு முறை எடுத்துப் படியுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஆறு சூப்பர்வைசர்கள். எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் ஓடி வருவார்கள். வெளி ஆளை வைக்க வசதியில்லை. நானே அவர்களுக்குக் கோச்சாக இருக்க முடியுமா?
(உற்பத்தி மேலாளர், கோணம் தொழிற்பேட்டை)

முடியும். ஆனால் சம்பளம், இன்கிரிமென்ட் உங்கள் கையில் இருப்பதால் வெளிக் கோச்சிடம் சொல்வதையெல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதை ஏற்றுக்கொண்டு, வேலைப் பிரச்சினைகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பிரிட்டிஷ் கோச் ஜான் விட்மோர் பரவலாக்கிய குரோ (GROW) முறை போதும். இலக்கு, இப்போதைய நிலைமை, வழிகள், முடிவு என்ற நான்கு படி.

‘சார், செகண்ட் ஷிஃப்டுல ரிஜெக்‌ஷன் கூடுது’ (குறையுள்ள பொருள் அதிகம் வருகிறது) என்று ஒருவர் வருகிறார். உடனே ‘மோல்டு டெம்பரேச்சரைப் பாரு’ என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொண்டு கேளுங்கள்: ‘எவ்வளவுக்குக் கொண்டு வரணும்னு நினைக்கிறே?’ ‘இப்போ எவ்வளவு? எந்த மெஷின்ல, எந்த நேரத்துல?’ அவருக்குத் தெரியவில்லையென்றால் போய் எண்ணி வரட்டும். பிரச்சினையின் பாதி அங்கேயே தீரும். ‘என்னென்ன செய்து பார்க்கலாம்? இன்னொண்ணு? இன்னொண்ணு?’ என்று மூன்று வழியாவது வரும்வரை பொறுங்கள். கேட்டுவிட்டுப் பத்து நொடி மௌனமாக இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. கடைசியாக, ‘இதுல எதை, எப்போ செய்யப்போறே? எனக்கு எப்போ சொல்வே?’

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ‘மோல்டு டெம்பரேச்சரைப் பார்த்தியா?’ என்பது கேள்வி வேடமிட்ட உத்தரவு. இரண்டு தடவை இப்படிக் கேட்டால், சார் மனதில் உள்ள விடையைக் கண்டுபிடிப்பதே வேலை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த முறை கூடாது. மெஷினின் பாதுகாப்பு மறைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவரிடம் ‘என்ன வழிகள் இருக்கின்றன?’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தச் சொல்ல வேண்டும். வந்து இரண்டு வாரமே ஆனவருக்கும் சொல்லிக்கொடுப்பதே சரி. தெரியாதவரிடம் கேள்வி கேட்டால் தவிப்புத்தான் மிஞ்சும்.

ஞாயிறு மாலை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுகிறேன். கோச்சிடம் போனால் தன்னம்பிக்கை வருமா?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

இப்போது கோச் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். இரண்டு மாதமாகத் தூக்கமில்லாததும் அழுகையும் மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள். உங்கள் திறமைக்குறைவு இல்லை. படபடப்புக்கு உடல் காரணமும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இன்று இரவே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல கோச்சாக இருந்தால் அவரும் உங்களை அங்கேதான் அனுப்புவார். உடம்பும் மனமும் தேறியபின், அந்த வேலையில் தொடர்வதா மாறுவதா என்று யோசிக்கும்போது கோச் உதவலாம்.

அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) மீட்டிங்கில் புரமோஷன் கேட்கலாமா? எப்படிக் கேட்பது?
(தனியார் நிறுவன ஊழியர், வடசேரி)

மார்ச்சில் நடக்கும் அப்ரைசலில் கேட்டால் தாமதம். அதற்குள் பட்டியல் பெரும்பாலும் தயாராகியிருக்கும். அக்டோபரில் கேளுங்கள். கேள்வியும் ‘எனக்குப் புரமோஷன் தருவீர்களா?’ என்று இருந்தால் ‘பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும். ‘அடுத்த பதவிக்கு என் பெயரை நீங்கள் முன்வைப்பதானால், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எதைச் சொல்லி மறுப்பார்கள்?’ என்று கேளுங்கள். மேலதிகாரிக்கு உங்களைக் குறை சொல்லும் சங்கடம் இருக்காது; தடை எதுவென்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே அதை மெயிலில் எழுதி, ‘இந்த இரண்டு விஷயத்தில் பிப்ரவரிக்குள் முன்னேற்றம் காட்டுகிறேன், டிசம்பரில் ஒரு முறை 20 நிமிடம் தாருங்கள்’ என்று அனுப்பிவிடுங்கள். டிசம்பர் தேதியைக் காலண்டரில் அவரோடு சேர்ந்தே குறித்துக்கொள்ளுங்கள். அவர் இடம் மாறிப் போனாலும் அடுத்து வருபவரிடம் காட்ட அந்த மெயில் உங்கள் கையில் இருக்கும்.